காற்றுக்குப் போட்ட பலகை

கோயம்புத்தூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் மைதானத்தில் கார் ஓட்டுகிறவர்கள் முதலில் காற்றை அழைத்து வண்டியின் மேல் உட்கார வைக்க வேண்டும். ரப்பர் கூம்புகளை வரிசையாக வைத்து, ஒன்றையும் இடிக்காமல் வளைத்து ஓட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் அது. காற்று உட்காராத வண்டி மூன்றாவது வளைவில் எழும்பிவிடும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிற ஊரில் பழைய மாருதி எம்மாத்திரம்.

கிட்டுசாமியின் வண்டி போன பந்தயத்தில் எழும்பியது. ஓட்டியவள் அவன் மனைவி வசந்தாமணி. சுவரைத் தாண்டிப் போய்க் கிணத்துக்கடவுப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் இறங்கினாள். தோப்புக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தாராம். வண்டியை அங்கேயே பூட்டிவிட்டு பஸ் ஏறி வந்தவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: “இன்னொருக்கா பறந்துச்சுன்னா நான் ஸ்டியரிங்கையே தொடமாட்டனுங்க.”

இதைத்தான் கிட்டுசாமியால் தாங்க முடியவில்லை. கால் ஒடிந்து அவன் ஒரு வருஷம் கட்டிலில் கிடந்தபோது அவனையும் பார்த்துக்கொண்டு, போர்டு எழுதும் கடையையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. எழுந்து நடந்ததும், “உனக்கு என்ன வேணும் அம்மிணி?” என்று கேட்டான். வளையல் கேட்பாள் என்று நினைத்தான். மைதானத்தில் கார் ஓட்ட வேண்டும் என்றாள். வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பும்போது அவள் முகத்தில் வரும் சந்தோஷத்தை அவன் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை. அது நின்றுபோனால் தான் எழுந்து நடந்ததற்கே அர்த்தமில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

ஆகவே தோப்பிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து, அதற்கு ஒரு பலகை செய்தான். ஏதோ ஒரு ஸ்வீட் கடை போர்டில் மிஞ்சிய அலுமினியத் தகட்டை வளைத்து, ரிவெட் அடித்து, டிக்கிக்கு மேல் இரும்புக் கால் கொடுத்து நிறுத்தினான். காற்று சாய்ந்துகொள்ள வாகாகப் பின்விளிம்பைக் கொஞ்சம் தூக்கி வைத்தான். மேலே ஜமுக்காளம் விரிக்கலாமா என்று யோசித்து, வழுக்கும் என்று விட்டுவிட்டான்.

பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வாளையாருக்குப் போனான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அங்கேதான் குடியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் மாமாதான்.

“மாமா, ஞாயித்துக்கெழம நீங்க வந்து உக்காந்து குடுக்கோணும்.”

“வர்றேன் மாப்ள,” என்று மாமா வெற்றிலையை எடுத்துக்கொண்டார். ஒரு ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். பெரிய மனுஷர், சொன்ன சொல் தவறாதவர்.

அவர் உட்கார்ந்ததும் பின்சக்கரங்கள் தரையைக் கவ்விக்கொண்டன. முன்பக்கம்தான் பேச்சைக் கேட்கவில்லை. வசந்தாமணி எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேரே போய்க் கூம்புகளை இடித்துத் தள்ளியது. வேகம் எடுத்தபோது முன்சக்கரங்கள் ஒரு சாண் எழும்பின. அவள் நிறுத்தி இறங்கி, வண்டியை முன்னும் பின்னும் நின்று பார்த்தாள்.

“ஏனுங்க, மாமாவை மட்டுமா கூப்பிட்டீங்க?”

“ஆமா.”

“அத்தையை?”

கிட்டுசாமி நாக்கைக் கடித்துக்கொண்டான். மாமாவுக்கு ஒரு சம்சாரம் இருப்பதையே மறந்துவிட்டான். எங்கள் பக்கத்தில் பத்திரிகை வைக்கப் போனால் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து போக வேண்டும். சேர்ந்தே வாருங்கள் என்று வாய் நிறையச் சொல்ல வேண்டும். இவன் தனியாகப் போய், தனியாக வா என்று அழைத்திருக்கிறான். ஊர் முழுக்கக் கல்யாண வரவேற்புப் போர்டு எழுதிய ஆளுக்கு ஒரு வீட்டில் போய் அழைக்கத் தெரியவில்லை.

அன்று சாயங்காலமே இரண்டு பேரும் போனார்கள். அத்தை வாசலிலேயே இருந்தார். வசந்தாமணி குங்குமம் கொடுத்து அழைத்தாள். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனசு.

“பலகையெல்லாம் எனக்கு ஆகாது கண்ணு. கீழயே உக்காந்துக்குவேன். காலை நீட்டறதுக்கு எடம் இருந்தாப் போதும்.”

கிட்டுசாமி வீட்டுக்கு வந்ததும் பிளைவுட் அறுத்தான். முன் பம்பருக்கு அடியில், தரையை ஒட்டி, ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி முடுக்கினான். அத்தை சரிந்துவிடாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் சின்னத் தடுப்பு வைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை முன்னால் உட்கார்ந்தார், மாமா பின்னால் உட்கார்ந்தார். விசில் ஊதியதும் வசந்தாமணி கிளம்பினாள். முதல் வளைவும் இரண்டாவதும் போயின. மூன்றாவது வந்தபோது கிட்டுசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான். டயர் கிறீச்சிடுவது கேட்டது. தரையில் இருக்கிற டயர்தான் கிறீச்சிடும். கண்ணைத் திறந்து பார்த்தான். ஒரு கூம்புகூட அசையாமல் வண்டி கடைசிக் கோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் மைதானத்துக்கு ஒரு கும்பிடு, நான்கு டயருக்கும் தனித்தனியாக ஒரு கும்பிடு போட்டான். பிறகு வசந்தாமணியும் அவனும் சேர்ந்து அத்தை மாமாவின் காலில் விழுந்து, தேங்காய் போட்ட தாம்பூலப் பையைக் கொடுத்தார்கள்.

“உங்களுக்கு என்ன செஞ்சாலும் ஈடாகாதுங்க அத்தை,” என்றாள் வசந்தாமணி.

“வாளையார் வளைவுல திரும்பறப்ப எங்களுக்கும் கொஞ்சம் தூக்குது கண்ணு,” என்றார் அத்தை. “இத்தனை வருஷத்துல எங்களுக்குன்னு ஒருத்தரும் உக்காந்து குடுத்ததில்லை. பொதங்கெழம நீங்க ரெண்டு பேரும் சேந்தே வந்துருங்க.”

புதன்கிழமை கடைக்கு விடுமுறை விட்டார்கள். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள், அவன் சலவை வேட்டி. வாளையாரில் மாமாவின் முதுகில் கிட்டுசாமிக்கு நல்ல அகலமான பலகை போட்டிருந்தது. அதில் ஏறி உட்கார்ந்துகொண்டான். வசந்தாமணியை முன்னால் அத்தையின் பக்கம், ஸ்டியரிங் இருக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். வளைவு வந்ததும் அவள் ஒடித்தாள். காற்று அமுங்கித் திரும்பியது. பாலக்காடு போய்ச் சேரும்வரை வழியில் ஒரு தென்னங்கீற்றுகூட அசையவில்லை.