ஏப்ரலில் அவள் நன்றாக இருந்தாள்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவர் டாக்டர். பதில் சொல்ல வேண்டியவனுக்கு இங்கே லியனார்ட் என்று பெயர் வைத்திருக்கிறேன். என் பெயர் இதைவிடச் சிறியது.

முதலில் எழுதிய தொடக்கம்: கந்தப்பளையில் மூடுபனி இறங்கும்போது றோசலின் சிரித்தாள். அவள் சிரித்தால் மலை

(இங்கே நிறுத்திவிட்டேன். அவள் சிரித்தால் மலை ஒன்றும் செய்யாது. அது பாட்டுக்கு இருக்கும்.)

2

லியனார்ட் ஆசிரிய கலாசாலையில் படித்துவிட்டுக் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டப் பாடசாலைக்கு வந்தவன். றோசலின் கொழுந்து பறிப்பவள். 1981 ஏப்ரலில், தூறலும் வெயிலும் மாறி மாறி வந்து செடியெல்லாம் தளிர்விட்டிருந்த நாளொன்றில், முதுகில் கூடையோடு வகுப்பறை வாசலில் வந்து நின்றாள்.

"மாஸ்டர், ஒங்களுக்கு சோறாக்க ஆளில்லையாமே. நா வரவா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். மூடுபனி ஒரு ஜன்னலால் வந்து மறு ஜன்னலால் போனது. லியனார்ட் சரி என்றான்.*

* என்ன சொன்னான் என்று உண்மையில் நினைவில்லை. கல்யாணம் நடந்தது. ஆகவே சரி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும்.

3

ஏப்ரலில் அவள் விடியுமுன், வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குப் போய் நிற்பாள். இருட்டும்வரை பறிப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் மலைக்குப் போவாள். பாடுவாள். தன் கம்பளியை யாருக்காவது கொடுத்துவிடுவாள். ஜூலை மழையில் கொழுந்து குறையும், வேலையும் குறையும். அப்போது சுருண்டு படுப்பாள். பேசமாட்டாள்.

அந்த ஜூலையில் அவளை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மனநல டாக்டர் மாதம் ஒருமுறை வருவார்.

"கொஞ்ச மாசம் தூங்காம ஓடுறாங்களா? கொஞ்ச மாசம் எழும்புறதே இல்லையா?"

லியனார்ட் ஆம் என்றான். டாக்டர் மேனிக் டிப்ரெஷன் என்று எழுதினார். வெளிநாட்டில் இப்போது அதைப் பைபோலர் என்கிறார்களாம்.

(டாக்டர் கொழுந்தைப் பற்றிக் கேட்கவில்லை. இவனும் சொல்லவில்லை. மலையில் பிறந்தவனுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. ஏப்ரலில் வரிசை வீடுகள் சேர்ந்த லயமே ஓடும். ஜூலையில் லயமே சுருண்டு படுக்கும்.)

மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த ஏப்ரலில் றோசலின் ஓடவில்லை, நடந்தாள். பாடவில்லை. அதற்குப் பிந்தைய பனிக்காலத்தில் நிமோனியா வந்து இறந்துபோனாள். மாத்திரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இருந்திருந்தால் கதை எழுதச் சுலபம்.

4

றோசலினுக்கு எழுதிய அந்த ஒரே ஆண்டில் எங்கள் தோட்டத்தில் நாலைந்து பேருக்கு அந்தப் பெயர் எழுதப்பட்டது. அதற்கு முன் ஒருவருக்கும் இல்லை. நோய் பரவியதா, பெயர் பரவியதா? பெயர்தான் என்று இரண்டு பக்கம் எழுதினேன். நன்றாகத்தான் வந்தது.

பிறகு அவர்களில் ஒருவரான சோலைமலை ஞாபகத்துக்கு வந்தார். தனக்குப் பறக்க வரும் என்று சொல்லித் தேயிலை ஸ்டோர்க் கூரையின் விளிம்பில் நின்றவர். ஆட்கள் ஏறி இறக்கினார்கள். திரும்பவும் ஏறாமல் வைத்திருப்பது அந்த மாத்திரைதான். இப்போது பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிறார்.

இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

5

1984 ஏப்ரல். றோசலினின் தங்கை பெற்றீசியாவும் கொழுந்து பறிப்பவள்தான். அவள் தன் கம்பளியை லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் வீரம்மாவுக்குக் கொடுத்துவிட்டாள். தூக்கமில்லை. பாட்டு ஓயவில்லை. அக்கா மாதிரியே என்று லயம் பேசியது. லியனார்ட் அவளை அதே டாக்டரிடம் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கம்பளிய குடுத்தது ஒரு குத்தமா டாக்டர்? வீரம்மாக்கா நடுங்குறாங்க. ஒங்க கோட்ட கழட்டி குடுங்களேன். ஒங்களுக்கும் வியாதியான்னு பாப்போம்."

டாக்டர் சிரித்துவிட்டார். அவள் பேச்சை நிறுத்தவில்லை. கோட்டிலிருந்து பஸ்ஸுக்குத் தாவினாள், பஸ்ஸிலிருந்து மாதா கோயிலுக்கு.

டாக்டர் நல்லவர். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாஸ்டர், இவங்க அக்காவுக்கும் இதே நோய்தானே? குடும்பத்தில இருந்தா, மருந்து இப்பவே தொடங்குறது நல்லது."

பெற்றீசியா லியனார்ட் பக்கம் திரும்பினாள்.

"மச்சான், அக்கா ஒங்கள தேடி பள்ளிக்கூடத்துக்கு வந்திச்சே. அதுவும் வியாதியா?"

6

முடிவு ஒன்று. லியனார்ட் ஆம் என்கிறான். பெற்றீசியாவுக்கு மாத்திரை. அவள் எந்தக் கூரையிலும் ஏறமாட்டாள். கூடையோடு வகுப்பறை வாசலில் நின்றவள் நோயாளியாகிவிடுகிறாள். சரி என்றவன், நோய்க்குச் சரி என்றவன்.

முடிவு இரண்டு. இல்லை என்கிறான். றோசலின் றோசலினாகவே இருக்கிறாள். ஜூலை வருகிறது. ஒரு காலையில் பெற்றீசியாவின் காம்பராக் கதவு

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு மூன்று. கொழுந்தைப் பற்றிச் சொல்கிறான். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். டாக்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, "சரி மாஸ்டர். ஆனா லயத்தில மத்தவங்க தூங்குறாங்களா?" என்கிறார்.

தூங்குகிறார்கள்.

7

ஜன்னலால் மூடுபனி உள்ளே வந்தது. மேசை, பேனா, பெற்றீசியாவின் முகம் எல்லாம் சற்று நேரம் இல்லாமல் போயின. அதற்குள் லியனார்ட்டை எழுப்பி வெளியே கூட்டிவந்துவிட்டேன்.

அவன் நாற்காலி காலியாக இருக்கிறது. உட்காருங்கள். அக்கா, தங்கை இரண்டு பேரையும் நான் காட்டிய அளவுக்கே உங்களுக்குத் தெரியும். டாக்டருக்கு அதைவிடக் குறைவு.

அவர் கேட்கிறார், அக்காவுக்கும் இதே நோய்தானே என்று. பதிலை மெதுவாகச் சொன்னால் போதும். பெற்றீசியா பக்கத்தில்தான் இருக்கிறாள்.