ஏற்றத்தில் ரிவர்ஸ்

அந்தப் பழைய காரை வெல்டர் தன் அக்காவிடம் ஒப்படைத்தது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பதேகாலுக்குத்தான் அதில் தான் விட்ட தப்பு அவனுக்குத் தெரிந்தது.

பக்கத்து ஷெட்டில் ஒரு வேனைப் பானெட் திறந்தபடியே பின்னால் எடுத்தார்கள். வேடிக்கை பார்த்து நின்றவன் கண்ணெதிரே இன்ஜின் ஒரு குலுக்கு குலுங்கி, முன்னால் போகும்போது சாயும் பக்கத்துக்கு நேரெதிர்ப் பக்கம் சாய்ந்தது. புதிய சங்கதி ஒன்றுமில்லை. பத்தொன்பது வருஷமாக அவன் அறிந்ததுதான். ஆனால் அக்காவின் காரில் அதை அவன் சோதித்துப் பார்க்கவில்லை.

கார் அத்தானுடையது, நாற்பது வருஷத்து வண்டி. அதன் சொந்த இன்ஜின் உயிரை விட்டதும், பெரிய இன்ஜின் ஒன்றைத் தேடிப்பிடித்து வெல்டர் உள்ளே இறக்கினான். இன்ஜின் உட்கார்ந்துவிட்டது, புகைக்குழாய்களுக்குத்தான் இடமில்லை. நான்கு குழாய்களில் மூன்றாவது போகவேண்டிய வழியில் ஸ்டியரிங் ராடு குறுக்கே நின்றது. கம்பியை வளைத்து மாதிரி எடுத்து, ஒட்டி, அறுத்து, மறுபடி ஒட்டி, ஐந்தாவது தடவையில் குழாய் ஒருவழியாக ராடைத் தாண்டி நெளிந்து இறங்கியது. இடைவெளி போதுமா என்று பார்க்க, ராடின் மேல் ஒரு களிமண் உருண்டையை அப்பினான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் கிளட்சைப் பாதி விட்டு இன்ஜினை உறுமவைத்தான். நசுங்கிய களிமண் அரைவிரல் கனம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று அக்காவிடம் சொன்னான். ரிவர்ஸ் போட்டுப் பார்க்கவில்லை.

அக்கா வீடோ ரோட்டைவிடப் பள்ளத்தில் இருந்தது. ஸ்டியரிங்கை ஒடித்து, ரிவர்ஸில் ஏற்றம் ஏறித்தான் வண்டி வெளியே வரவேண்டும். இன்றைக்குப் பத்து மணிக்கு அத்தானைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாள் வேறு. அக்காவுக்குப் போன் போட்டான், அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

அத்தான் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். இப்போது கண்ணில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். அவருக்காகவே அக்கா ஐம்பத்திரண்டு வயதில் கார் பழகினாள். பக்கத்து சீட்டில் அவரை உட்காரவைத்துக்கொண்டு ஓட்டுவது எப்பேர்ப்பட்ட வேலை என்று தெருவுக்கே தெரியும். கியர் மாற்றும் சத்தத்தை வைத்தே அவர் குற்றப்பத்திரிகை வாசிப்பார்.

வெல்டர் போய்ச் சேர்ந்தபோது கார் பாதி ஏற்றத்தில் கோணலாக நின்றது. பின் பம்பர் கேட் தூணில் முட்டி, சிமென்ட் பெயர்ந்திருந்தது. அக்கா உள்ளே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அத்தான் வெளியே ஊன்றுகோலோடு நின்றார்.

"வா மாப்ளே. உங்க அக்கா தூணுக்கு முத்தம் குடுத்திருக்கா. நல்லவேளை, தூணுக்குப் பின்னால பிள்ளைங்க யாரும் நிக்கல."

வெல்டர் கார் ஜன்னலில் குனிந்து, ஸ்டியரிங் பிடிக்கிறதா என்று மெல்லக் கேட்டான். திருப்பும்போது ஒரு நொடி அப்படியே நின்றுவிடுகிறது, அப்புறம் தானாக விட்டுவிடுகிறது என்றாள். செவ்வாய்க்கிழமையிலிருந்தே அப்படித்தானாம்.

"ஏன்க்கா சொல்லல?"

"நீ செஞ்ச வண்டிடா. என் கைதான் சரியில்லைன்னு நினைச்சேன். அவரும் அதைத்தானே சொல்றாரு."

அத்தான் தன் மச்சானின் கைவேலையைப் பற்றித் தெருவில் ஒருவர் விடாமல் பீற்றியிருந்தார். அதுவும் வெல்டருக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்தது. ஷெட்டுக்குக் கொண்டுபோய் அறுத்து ஒட்டினால் தீர்ந்தது, யாருக்கும் தெரியப்போவதில்லை. பம்பரை நிமிர்த்தித் தருகிறேன் என்று வாயால் சொல்லியும்விட்டான்.

அக்கா இறங்கிச் சாவியை அவன் கையில் வைத்தாள். "சரி பண்ணி நீயே வெச்சுக்க. இனி நான் ஓட்டல. ஆஸ்பத்திரிக்கு வாடகை வண்டி பார்த்துக்கறோம்."

சாவி அவன் உள்ளங்கையில் சூடாக இருந்தது. அவன் காரை அப்படியே கீழே உருட்டி நிறுத்தி, பானெட்டைத் தூக்கினான். குழாய் ஆற அரைமணி நேரம் பிடித்தது.  அதுவரை அக்கா பெயர்ந்த சிமென்ட்டைக் காலால் ஓரம் தள்ளிக்கொண்டிருந்தாள். பிறகு வெல்டர் அத்தானின் கையைப் பிடித்து உள்ளே கொண்டுபோய், ஸ்டியரிங் ராடின் மூட்டில் வைத்தான். போல்ட் தலை ஒரு பக்கம் தேய்ந்து பளபளத்தது. அதற்கு நேரே மூன்றாவது குழாயில் நகம் பதியும் அளவுக்குப் பள்ளம்.

"ரிவர்ஸ்ல இன்ஜின் இந்தப் பக்கம் சாயுது அத்தான். குழாய் வந்து போல்டைப் பிடிச்சுக்குது. நான் முன்னாடி போற கியர்ல மட்டும்தான் பார்த்தேன். அக்கா தப்பு இல்ல. என் தப்பு."

அத்தானின் விரல்கள் அந்தப் பள்ளத்தில் போய்ப் போய் வந்தன. பார்வை போனாலும் விரல்களுக்கு வண்டி தெரியும்.

"இதோடயா மூணு நாளா ஏத்தினா?" என்றார். கொஞ்சம் கழித்து, "ரோட்டுல லாரி வந்திருந்தா..." என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. ஊன்றுகோலால் தூணைத் தேடித் தொட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.  

மூன்றாவது குழாயை வெல்டர் அடியோடு அறுத்தெறிந்தான். புதுக் குழாயை இன்ஜின் ஓரமாகவே இறக்கி, ராடுக்குக் கீழே சுற்றிக் கொண்டுபோனான். அழகு போயிற்று, இடம் கிடைத்தது. இன்ஜினைத் தாங்கும் ரப்பர்களையும் மாற்றினான். நான்காம் நாள் காரை அந்த ஏற்றத்துக்கே கொண்டுவந்து, களிமண்ணை எடுத்தபோது அக்கா கையை நீட்டினாள். அவளே குனிந்து ராடில் அப்பினாள். அவளே ரிவர்ஸ் போட்டு, முழுக்க ஒடித்து, ரோடு வரைக்கும் ஏற்றினாள். இறங்கி வந்து களிமண்ணைப் பிய்த்து விரல்களுக்கிடையே வைத்துப் பார்த்தாள். ஒரு விரல் கனம் இருந்தது. அதைத் தம்பியிடம் காட்டாமல், அத்தானின் உள்ளங்கையில் வைத்தாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அந்த வழியாகப் போன வெல்டர், கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தினான். அன்று தள்ளிப்போன கண் ஆஸ்பத்திரிக்குப் போக, அத்தான் காருக்குள் தயாராக உட்கார்ந்திருந்தார். அக்கா பானெட்டைத் தூக்கி, ஆறியிருந்த குழாய்க்கும் ராடுக்கும் நடுவே ஆள்காட்டி விரலை விட்டு, மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவையில்லை அக்கா என்று சொல்ல அவனுக்கு நாக்கு வரை வந்தது. அவள் பானெட்டை இறக்கி, இருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு ஏறி உட்காரும்வரை அவன் அங்கேயே நின்றான். பிறகு, அவள் பின்னால் வருவதற்கு வழிவிட்டு, பைக்கைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போனான்.