பதினொரு நாள் தொங்கின மான்

பொட்டலத்தை அவிழ்த்த உடனேயே நாற்றம் தாங்காமல் இராசலட்சுமி ஓரடி பின்னுக்குப் போனாள். மான் இறைச்சியாம், மான்! மகன் நிதர்சன் கட்டப்போகிற எமிலியாவின் தகப்பன், டெனிஷ்காரர் பிரேபன், வேட்டையில் தன் கையால் சுட்டது. பதினொரு நாள் கராஜில் தொங்கவிட்டு, எலும்பெல்லாம் நீக்கி, மகளிடம் கொடுத்தனுப்பியிருந்தார். தொங்கவிட்டால்தான் பதமாகும், கொஞ்சம் மணக்கும் என்று சொல்லித்தான் எமிலியா தந்துவிட்டுப் போனாள். கொஞ்சம் எண்டால் எவ்வளவு எண்டு அந்தப் பெட்டை சொல்லவில்லையே.

மஞ்சளும் வினாகிரியும் போட்டுக் கழுவினாள். தேசிக்காய் பிழிந்து ஊறவைத்தும் கழுவினாள். மூன்றாந்தரம் கழுவிப்போட்டு மூக்கைக் கிட்டக் கொண்டுபோனாள். சீ, அதே நாற்றம். இதைத் தின்னக்கொடுத்து ஆரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப அவளால் ஏலாது. இரண்டு பையில் இறுக்கிக் கட்டி வெளியே குப்பைத்தொட்டிக்குள் போட்டுவிட்டு, பிரீசரில் கிடந்த ஆட்டிறைச்சியை எடுத்தாள்.

பிரேபனிடம் நேரே சொல்லியிருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். எப்படிச் சொல்லுறது? முதன்முதல் அவர் வீட்டுக்கு வந்த அன்றே, மனிசி ஏன் விட்டுட்டுப் போனவ என்று அவரின் முகத்துக்கு நேரே கேட்டுவைத்தவள் இவள். வாய் சும்மா கிடந்தால்தானே! அன்றைக்கு நிதர்சன் சொன்னான், இன்னொருக்கா அந்த மனுசனை நோகப்பண்ணினால் இந்த வாசற்படி மிதிக்கமாட்டேன் என்று. அவன் சொன்னால் சொன்னதுதான். தகப்பன் செத்த பிறகு அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்.

ஆகவே ஆட்டின் எலும்பை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எமிலியா எழுதித் தந்தபடி இரும்புச் சட்டியில் வெங்காயம், கரட், காளான், வேட்டை இறைச்சிக்குப் போடுகிற சூனிப்பர் பழம் எல்லாம் போட்டு, கிறீம் ஊற்றி, மூடி, மூன்று மணித்தியாலம் அவண் அடுப்புக்குள் வைத்தாள். மணம் மாறவேண்டுமென்று ஒரு கரண்டி கறித்தூளும் போட்டாள்.

ஞாயிறு மத்தியானம் எமிலியாவோடு பிரேபன் வந்தார். நேரே குசினிக்குள் வந்து அவணோடு சாய்ந்து நின்று, அந்த மானை எப்படிச் சுட்டாரென்று விபரமாகச் சொன்னார். அவளுக்கோ எங்கே சட்டியைத் திறந்து பார்ப்பாரோ என்ற பயம். அந்தப் பதற்றத்தில் அவணின் மேல்தட்டில் சூடாக்க வைத்த கோதுமைப் பாண் துண்டுகளை மறந்துபோனாள். மேல்மாடியிலிருந்து நிதர்சன் கருகுது கருகுது என்று ஓடிவந்தான். பக்கத்தில் நின்ற பிரேபன் கதையை நிற்பாட்டவேயில்லை.

சாப்பிட இருந்தார்கள். பிரேபன் ஒரு வாய் வைத்தார், இன்னொரு வாய் வைத்தார். தன் மான் இவ்வளவு மெத்தென்று வெந்ததில்லை என்றார். இரண்டாந்தரமும் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் மெல்லுவதை நிற்பாட்டினார். வாயிலிருந்து ஒரு எலும்புத் துண்டை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் வைத்தார்.

"நான் எலும்பில்லாமல்தானே தந்தனான்," என்றார்.

நிதர்சன் தாயைப் பார்த்தான். விளங்கிவிட்டது அவனுக்கு. போதாமல் இருந்தபடியால் கொஞ்சம் ஆடும் கலந்ததாக அவசரமாக ஒரு பொய் சொன்னான். முகம் சிவந்திருந்தது. தனக்காகப் பிள்ளை பொய் சொல்கிறானே என்றிருந்தது அவளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க ஏலுமோ?

"உங்கட மானை நான் எறிஞ்சுபோட்டன். அது பழுதாப்போச்சு," என்றாள்.

நிதர்சன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளி எழும்பினான். பிரேபன் கரண்டியை வைத்தார். ஒவ்வொரு நாளும் மணந்து பார்த்ததாகவும், ஒரு மணமும் இருக்கவில்லையென்றும் சொன்னார்.

ஒரு மணமும் இல்லையோ? நல்ல இறைச்சிக்கே ஒரு மணம் இருக்குமே. அவளுக்குக் கருகின பாண் நினைவு வந்தது. விறுவிறென்று வெளியே போய்ப் பையை எடுத்துவந்து அவர் முன்னாலேயே அவிழ்த்தாள். எமிலியா மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னலைத் திறக்க ஓடினாள். நிதர்சன் முகத்தைத் திருப்பினான். பிரேபன் மட்டும் குனிந்து ஆழமாக மூச்சை இழுத்தார்.

"ஒண்டும் இல்லையே," என்றார். பிறகு யன்னலடியில் நின்ற மகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கத் தொடங்கியது.

"போன வருசத்து மானும் இப்படித்தானோ?" என்று கேட்டார்.

எமிலியா அழுதாள். கொரோனா வந்து சுகமானதிலிருந்து அப்பாவுக்கு மணமே தெரிகிறதில்லை என்றாள். அவர் கொடுத்த இறைச்சியையெல்லாம் சொந்தக்காரர் நல்லாயிருந்தது, நல்லாயிருந்தது என்று சொல்லிச் சொல்லியே எறிந்திருக்கிறார்கள். அவளும்தான். அப்பாவிடம் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

பிரேபன் கோப்பையோரத்து எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. இராசலட்சுமி பையைக் கட்டி வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கையைக் கழுவி வந்தாள்; அவர் எழும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தாள். அவர் கோப்பையை நீட்டினார்.

"ஆடு இன்னும் கிடக்கோ?"

போட்டாள். அடுத்த மானைத் தொங்கவிட்டால் நாலாம் நாளே வந்து மணந்து சொல்லவேண்டும் என்று கேட்டார் அவர், எமிலியாவிடம் அல்ல, இவளிடம். ஓம், வாறன் என்றாள்.

நிதர்சன் கதிரையை இழுத்துத் திரும்ப இருந்தான்.