மசோசி தேடிப்போன பத்து எம்.எம். கண்ணாடி

மசோசியின் மீன்தொட்டி வெடித்த மத்தியானம் அவள் கடையில் உட்கார இடமில்லை. ஏரிக் கப்பல் வரும் நாள். மூட்டை இறக்குகிறவர்களும் ஏறக் காத்திருக்கிறவர்களும் ந்ஸிமாக் களியை உருட்டிக் குழம்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கம் மரவள்ளிக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்தேன். பலகை முறிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் வாசல் வழியாகத் தண்ணீர் என் அடுப்பு வரைக்கும் வந்தது. தண்ணீரோடு மீன்களும் வந்தன. நீலத்தில் கறுப்புக் கோடு போட்டவை, மஞ்சள், ஒன்று பழுத்த பப்பாளி நிறம்.

மூட்டைக்காரன் ஒருவன் ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, "மசோசி, இத வறுத்துத் தருவியா, இல்ல இப்படி உயிரோடதான் தின்னணுமா?" என்று கேட்டான். கடை முழுக்கச் சிரித்தது. மசோசி அவனிடமிருந்து மீனைப் பிடுங்கிக் தண்ணீர்ச் சட்டியில் போட்டாள். அவள் பாதத்தில் கண்ணாடி கிழித்து ரத்தம் ஓடியது. அதைக் கவனிக்காமல் மேசைகளுக்கு அடியில் தவழ்ந்து மீன் பொறுக்கினாள். பாதிக்கு மேல் பிழைத்தன.

அவளுக்கு அந்த மீன்கள் புதிதல்ல. கரையோரம் தெற்கே ஒரு கூடத்தில், எங்கள் ஏரி மீனை உயிரோடு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களிடம் வெகுநாள் வேலை செய்தவள். பையில் தண்ணீர் நிரப்பி, காற்று அடைத்து, ரப்பர் போட்டுக் கட்டி விமானத்துக்கு அனுப்புவாள். எங்கள் ஊர்ப் பாறை இடுக்கில் பிறந்த ம்புனா மீன்கள் அவை. ஊரில் முக்கால்வாசிப் பேர் அவற்றைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்த மீனவர்களும் முள் அதிகம் என்று வலையிலிருந்து உதறிவிடுவார்கள். கூடம் மூடிய பிறகு மசோசி சாப்பாட்டுக் கடை போட்டாள். தூரதேசத்துக்காரன் வீட்டுக் கூடத்தில் நீந்துகிற மீன் நம் கடையில் ஏன் நீந்தக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. புருஷன் வைசன் மீனவன். பாறையடியில் முங்கிப் பிடித்துக் கொடுத்தான்.

கண்ணாடி வாங்கியது வைசனின் அண்ணன் லாக்சனிடம். ஊரில் கண்ணாடி விற்கிற கடை அது ஒன்றுதான். நான்கு எம்.எம். சன்னல் கண்ணாடியை அறுத்துக் கொடுத்தார். நாலடி நீளம், இரண்டடி உயரம்; மசோசியே பசை போட்டு ஒட்டினாள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றியதும் முன்பக்கம் பிள்ளைத்தாய்ச்சி வயிறு மாதிரி தள்ளியது. கண்ணாடி என்றால் அப்படித்தான் கொஞ்சம் கொடுக்கும் என்று லாக்சன் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் வெடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆராதனை முடிந்ததும் லாக்சன் குடும்பத்தைக் கூட்டினார். கோட்டைக் கழற்றாமலே பேசினார். பசை சரியாகப் பூசவில்லை, அளவு தெரியவில்லை, கடைக்கு வந்தவர்களைக் காயப்படுத்தியிருந்தால் குடும்பப் பெயர் என்ன ஆவது என்று நீட்டினார். வைசன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மசோசியின் சித்தி மகள் என்பதால் அங்கே இருந்தேன்.

"பசை போட்ட இடம் ஒண்ணுகூடப் பிரியல, பெரியத்தான். கண்ணாடிதான் நடுவுல முறிஞ்சுது" என்றாள் மசோசி.

"அப்ப என் சரக்கு மட்டம்னு சொல்ற."

"சன்னலுக்கு நல்ல சரக்குதான். காத்தத் தாங்கும். ஏரியத் தாங்கச் சொன்னா அது என்ன பண்ணும்?"

இனிமேல் தொட்டி என்ற பேச்சே கூடாது, இதற்குக் குடும்பத்தின் சம்மதம் இல்லை என்றார் லாக்சன். மசோசி கட்டுப்போட்ட காலை ஊன்றி எழுந்தாள்.

"நான் சம்மதம் கேட்டு வரல. நீங்க கூப்பிட்டீங்க, வந்தேன். மறுபடி உடைஞ்சா நானே தொடைச்சுக்கிறேன். யாரும் குனிய வேண்டாம்."

அதற்குப் பிறகு அவள் கடை முற்றத்தில் நடந்ததை ஊரே வேடிக்கை பார்த்தது. உடைந்த தொட்டியின் கண்ணாடியை ஒரே அகலத் துண்டுகளாக அறுக்கச் செய்தாள். விடுதி ஒன்றில் உடைந்துபோன மேசைக் கண்ணாடி எட்டு எம்.எம்.; அதையும் வாங்கிவந்து அதே அகலத்தில் அறுத்துக்கொண்டாள். இரண்டு கல் அடுக்குக்கு நடுவே துண்டைப் பாலம் மாதிரி வைத்து, நடுவில் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, வைசனின் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு சாக்கில் செங்கல் போட்டாள். நாலு எம்.எம். மூன்று செங்கலில் முறிந்தது. எட்டு எம்.எம். பன்னிரண்டில்தான் முறிந்தது. இரண்டு மடங்கு தடிமனுக்கு நாலு மடங்கு பலம். அவளே அதை எதிர்பார்க்கவில்லை. இன்னும் இரண்டு துண்டு முறித்துப் பார்த்துத்தான் நம்பினாள்.

ஒரு பழைய எண்ணெய்ப் பீப்பாயில் மேலே, நடுவில், கீழே என்று ஆணியால் துளை போட்டுத் தண்ணீர் நிரப்பினாள். மேல் துளையில் தண்ணீர் சொட்டாக இறங்கியது. கீழ்த்துளையில் இருந்து பீறிட்டு முற்றத்தைத் தாண்டியது. பக்கத்தில் ஒரு ஒல்லியான குழாயை நிறுத்தி, அதே உயரத்துக்கு நிரப்பி, அடியில் அதே மாதிரி துளை போட்டாள். அதிலும் அதே வேகம். தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பது பேச்சில்லை, எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதுதான் பேச்சு என்று என்னிடம் சொன்னாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. கிழங்கு கருகிக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டு லாக்சன் வந்தார். குரல் இறங்கியிருந்தது. நாலு எம்.எம். போதாது என்றால் இரண்டு கண்ணாடியைச் சேர்த்து ஒட்டினால் எட்டு ஆயிற்றே, தன்னிடமே இருக்கிறது, பாதி விலைக்குத் தருகிறேன் என்றார். மசோசி நாலு எம்.எம். துண்டு இரண்டை ஒன்றின்மேல் ஒன்றாகப் பசை போட்டு ஒட்டி, காய வைத்து, மறுநாள் அவரையே வரச்சொன்னாள். சாக்கைத் தொங்கவிட்டு, செங்கலை அவர் கையிலேயே கொடுத்தாள்.

"போடுங்க பெரியத்தான். பன்னெண்டு போகணும்."

லாக்சன் ஒவ்வொன்றாகப் போட்டார். ஏழாவது செங்கலில் இரண்டும் சேர்ந்து முறிந்தன. அவர் கோட்டுக் கையைத் தட்டிவிட்டுக்கொண்டே, "செங்கல் வேற, தண்ணி வேற" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மசோசி வைசனைக் கூட்டிக்கொண்டு மலையேறி ம்ஸூஸு நகரத்துக்குப் போனாள். பழைய கட்டடச் சாமான் விற்கிற இடத்தில், ஒரு கட்டடத்தில் இருந்து கழற்றிய தடித்த கதவுக் கண்ணாடியை முதலில் காட்டினார்கள். அது அறுக்க முடியாத வகை, கத்தி ஆழப்பட்டால் உப்பாக உதிரும் என்று தெரிந்து வேண்டாம் என்றாள். இடித்த துணிக்கடை ஒன்றின் முகப்புக் கண்ணாடி இருந்தது. பத்து எம்.எம்., கீறல் இல்லை. அதைவிடத் தடிமன் அந்த ஊரில் கிடைக்கவில்லை. அவள் நினைத்திருந்த இரண்டடி உயரத்துக்குப் பத்து போதாது என்று அவள் கணக்கு சொன்னது. அங்கேயே நின்று யோசித்துத் தொட்டியின் உயரத்தை ஒன்றரை அடிக்கு இறக்கினாள். நீளத்தை ஐந்தடியாக்கினாள். தொட்டி குட்டையாகத் தெரியுமே என்று வைசன் தயங்கினான். ம்புனாவுக்கு உயரம் எதற்கு, ஒன்றை ஒன்று துரத்த நீளம்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அங்கேயே அறுத்து வாங்கி, மினிபஸ்ஸில் மெத்தைகளுக்கு நடுவே நிறுத்தி, வளைவுக்கு வளைவு இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

தொட்டியைக் கடைக்குள் ஒட்டவில்லை. தெருவைப் பார்த்த முற்றத்தில், செங்கல் மேடை கட்டி, பழைய மெத்தைப் பஞ்சை விரித்து, எல்லார் கண்ணுக்கும் எதிரே ஒட்டினாள். பசை ஒரு வாரம் காய்ந்தது. கப்பல் வரும் நாளில்தான் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். நான் குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்தேன். மூட்டைக்காரர்கள் எட்ட நின்று எந்நேரம் வெடிக்கும் என்று பந்தயம் கட்டினார்கள். லாக்சனும் வந்திருந்தார், செருப்பைக் கையில் பிடித்தபடி.

விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்ததும் மசோசி நிறுத்தினாள்.

"ஏன் நிறுத்திட்ட? பயமா?" என்றார் லாக்சன்.

அவள் என் கையிலிருந்த குடத்தை வாங்கி மீதியையும் ஊற்றினாள். தண்ணீர் விளிம்பில் வழிந்தது. ஒரு நூலை எடுத்துக் கண்ணாடியின் குறுக்கே இழுத்துப் பிடித்துப் பார்த்தாள். வயிறு தள்ளியது கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே போய் ஒரு முக்காலியும் ஒரு தட்டு ந்ஸிமாவும் கொண்டுவந்தாள். முக்காலியைத் தொட்டிக்கு முன்னால் போட்டு, கண்ணாடியில் முதுகு சாய்த்து உட்கார்ந்து, நிதானமாகச் சாப்பிட்டாள். எங்கள் யாரையும் பார்க்கவில்லை. மறுநாளும் அங்கேதான் சாப்பிட்டாள். அதற்கு மறுநாளும்.

வாரம் முடிந்து தண்ணீரை இறைத்து, எட்டுப் பேர் பிடித்துத் தொட்டியை உள்ளே ஏற்றினார்கள். பந்தயம் தோற்றவர்களும் அதில் இருந்தார்கள். கல் அடுக்கி, ஏரித் தண்ணீர் ஊற்றி, மீன் விட்டாள். காலமெல்லாம் வலையை உதறிய கிழட்டு மீனவர்கள் டீயை ஆறவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இந்தத் தாய் வாய்க்குள் குஞ்சு வைத்திருக்கிறது பார் என்று ஒருவர் இன்னொருவருக்குக் காட்டினார். லாக்சனின் மனைவி காய்கறிக் கூடையோடு வந்து, சந்தையை மறந்து நின்றாள்.

லாக்சன் கடைசியாகத்தான் வந்தார். வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து டீ குடித்தார். நன்றாகத்தான் இருக்கிறது, ஊருக்கும் பெருமைதான், ஆனால் இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று குடும்பம் நினைக்கிறது என்றார். மசோசி துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டே எதிர்ச்சுவரைக் காட்டினாள். அங்கே சுண்ணாம்புக் கட்டியால் நீளமாக ஒரு கோடு போட்டிருந்தாள், அவள் இடுப்பைவிட உயரத்தில்.

லாக்சன் டீயைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கோட்டைப் பார்த்தார்.

"அந்த ஒசரத்துக்கு என்ன கண்ணாடி வேணும்?" என்றார்.

"மேடைக்கு மேல தண்ணி ரெண்டடி. பன்னெண்டுக்குக் கொறஞ்சு தொட மாட்டேன். நீங்க தருவிச்சு வச்சா உங்ககிட்ட வாங்குறேன். இல்லன்னா மலையேற எனக்குத் தெரியும்."

அவர் டீயைக் குடித்து முடித்தார். போகும்போது அந்தக் கோட்டை முழம் போட்டு அளந்துகொண்டு போனார்.