முதுகில் ஒரு பிளாஸ்திரி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். என் தம்பி, அவன் மனைவி, அவர்களுடைய ஒரே மகள், அவளைத் தன் இளைய பையனுக்குப் பேசிமுடித்திருந்த பெரியவர், அவருடைய மூத்த மருமகள், பிறகு தம்பிக்கு அக்காவான நான். பையன் வெளியூரில் இருந்தான். இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இப்போது தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்களைக் கூட்டினால் ஒரு கல்யாண மண்டபம் நிறையும்.

மூத்த மருமகள் பிசியோதெரபி படித்தவள். வீட்டின் கீழ்த்தளத்தில் சிகிச்சைக்கூடம் நடத்துகிறாள். கடைசி அறையில் பெரிய அலமாரியைப் போல ஒரு மரக்கூண்டு, அதற்குக் கண்ணாடிக் கதவு. இன்ஃப்ராரெட் சானா என்றாள். உள்ளே நீராவி கிடையாது, சுவரில் பதித்த தகடுகளிலிருந்து சூடு நேராக உடம்புக்குள் இறங்கும். நாள் குறிக்கப் போன எங்களைப் பெரியவர் அங்கே அழைத்துப்போய்ப் பெருமையாகக் காட்டினார்.

"சம்பந்தி, ஒருதரம் உள்ள உட்காந்து பாருங்க. வெளிய வந்தா உங்க வீட்டம்மாவே யாரோ எளவட்டம்னு நெனச்சுக் கதவைச் சாத்திடுவாங்க."

"வேக வெச்சு எடுத்துடாதம்மா," என்று தம்பி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தான். "பொண்ணு கல்யாணத்துக்கு நான் முழுசா வேணும்."

அவள் சிரிக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்து முழுக்கக் குடிக்கச் சொன்னாள். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றச் சொன்னாள். பிறகு கேட்க ஆரம்பித்தாள். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை உண்டா, நெஞ்சில் கருவி எதுவும் வைத்திருக்கிறதா, சமீபத்தில் காய்ச்சல் வந்ததா, குடித்திருக்கிறீர்களா.

"ஒடம்புல வலிக்கு மருந்து பிளாஸ்திரி ஏதாவது ஒட்டியிருக்கீங்களா மாமா? இருந்தா சொல்லிடுங்க. சூடு பட்டா மருந்து ஒரேயடியா உள்ள எறங்கிடும்."

"நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்," என்றான் தம்பி.

எங்கள் வீட்டில் நோயை வெளியே சொல்வதில்லை. அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட, வந்தவர்களிடம் தூங்குகிறார் என்றுதான் சொன்னோம். சொன்னால் இரக்கப்படுவார்கள், இரக்கப்பட்டவர்கள் பிறகு நமக்குச் சமமாக உட்காரமாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு. அதில் பிழை இருப்பதாக எனக்கு அதுவரை தோன்றியதில்லை. தம்பி கட்டிட மேஸ்திரி. சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகெலும்பு அடிபட்டு, எந்த மாத்திரைக்கும் அடங்காத வலி. டாக்டர் எழுதிக்கொடுத்த, அபின் வகையைச் சேர்ந்த கடுமையான மருந்து தடவிய பிளாஸ்திரியைத் தோள்பட்டைக்குக் கீழே அவன் மனைவிதான் ஒட்டிவிடுவாள். மெல்லியது, தோல் நிறம். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் முதுகொடிந்தவன் மகள் என்று சொல்லிவிடக் கூடாதே என்று, கல்யாணப் பேச்சு தொடங்கியதிலிருந்து அவன் சட்டைக்குள் எப்போதும் பனியனும் போட்டுக்கொண்டான்.

"பனியனோடவே போறேம்மா. கூச்சமா இருக்கு."

"சரிங்க மாமா. தலை சுத்தினா உடனே கதவைத் தள்ளிட்டு வந்துடுங்க. தனியா விடமாட்டேன், இங்கேயேதான் இருப்பேன்."

நான் கண்ணாடிக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தேன். உள்ளே சிவப்பு விளக்கு. அவன் முதுகைச் சுடுதகட்டில் நன்றாகச் சாய்த்துக்கொண்டான். முகத்தில் ஒரு நிம்மதி பரவியது. விழுந்த நாளிலிருந்து நான் பார்க்காத நிம்மதி. வெளியே பெரியவர் மண்டபத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சிறிது நேரத்தில் தம்பி கையைத் தூக்கி உள்ளங்கையைக் கண்ணாடியில் பதித்தான். நானும் பதிலுக்குக் கையைக் காட்டினேன். கை மெதுவாகக் கீழே வழுக்கியது. ஈரத் தடம் மட்டும் கண்ணாடியில் நின்றது.

மருமகள்தான் பார்த்துவிட்டுச் சட்டென்று கதவைத் திறந்தாள். அவளே தோள்கொடுத்து வெளியே கூட்டிவந்தாள். கால் பின்னியது, நாக்குக் குழறியது. பெரியவரைப் பார்த்து, "சம்பந்தி, ஜோரா இருக்கு," என்று இழுத்து இழுத்துச் சொன்னான். மகள் சங்கடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் உட்காரவைத்ததும் குறட்டை விட ஆரம்பித்தான். அந்தக் குறட்டைக்கு நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போயிற்று.

அவள் அவன் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். கருவிழியில் பாவை ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது. "அத்தை, மருந்து ஏதாவது? பிளாஸ்திரி? மறைக்காம சொல்லுங்க."

தம்பி மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேனா என்று எனக்கு நினைவில்லை.

"ஒன்னும் இல்லம்மா. அசந்துட்டா அவர் இப்படித்தான்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் காரில் மருமகள் முன்னால் உட்கார்ந்து போனில் டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால், தம்பியின் தலை என் மடியில். அவன் மனைவி ஆறுதலாகத் தடவுவதுபோல அவன் பனியனுக்குள் கையை விட்டாள். கை வெளியே வந்தபோது மூடியிருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலும் மூடியிருந்தது. டாக்டர் வெளியே வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றபோதும் அவள் அந்த விரல்களைப் பிரிக்கவில்லை.

பேய், பிசாசு என்று எங்கள் வீட்டில் பேசுவது கிடையாது. எனக்கு அதில் நம்பிக்கையும் இல்லை. ஆனால் கூடத்தில் அவன் உட்காரும் மரநாற்காலியின் முதுகுப் பகுதி, வெயிலே எட்டாத அந்த மூலையில், தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. புறங்கையாலும் தொட்டுப் பார்த்துவிட்டேன். தம்பி மனைவி ஒரு நாள் கேட்டாள், "அண்ணி, நீங்களும் தொட்டீங்களா?" நான் அவளை அதட்டினேன். குளிக்கும்போது வெந்நீர் முதுகில் படுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறேன். பேருந்துக் கண்ணாடியில் யார் கை வைத்தாலும் என் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது.

துக்கம் கேட்டு வந்துபோன பிறகு, பெரியவர் மறுபடியும் ஒரு மாலை வந்தார். மருமகளும் வந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. சிகிச்சைக்கூடத்துக்கு இப்போது யாரும் வருவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். தம்பி மனைவி தூணோரம் நின்றாள். அவள் மகள் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவருகே நின்றுகொண்டாள். பெரியவர் தெரியாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சற்று நெளிந்து முன்னால் நகர்ந்துகொண்டார்.

"இந்த வீட்டுக்கு நீங்கதாம்மா பெரியவங்க, நான் சுத்தி வளைக்க விரும்பல. அன்னைக்கு சம்பந்தி தண்ணி போட்டுட்டு வந்திருந்தாருன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு. பேச்சும் நடையும் அப்படித்தான் இருந்துது, நானே பாத்தேன். மனுஷன்னா அப்படி இப்படி இருக்கறதுதான். அதை நாங்க மனசுல வெச்சுக்கல. எங்க மருமக இவ மேலயும் பழி இல்லன்னு ஆயிடும். கல்யாணத்தை நிறுத்த வேண்டாம். நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல. இல்லன்னு சொல்லாம இருந்தாப் போதும்."

மருமகள் என்னைப் பார்க்காமல் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வளையல் ஒருமுறை ஒலித்து அடங்கியது. எல்லோருக்கும் வசதியான ஏற்பாடு. வாயைத் திறக்காமல் இருப்பதில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் பழக்கம் வேறு யாருக்கு இருக்கும்?

நான் எழுந்து நின்றேன்.

"என் தம்பி குடிக்கல. அவனுக்கு முதுகெலும்பு அடிபட்டிருந்துது, வலிக்குப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். உங்க மருமக ரெண்டு தடவை கேட்டுச்சு."