தூக்குக்குண்டு வீட்டுச் சுவர்

என் அண்ணனை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘கையொடிச்சான்’ என்பார்கள். பால் கடைக்காரன், அண்ணன் எதிரிலேயே நிற்கும்போது, “கையொடிச்சானுக்கு ரெண்டு பாக்கெட் குடு” என்று உள்ளே குரல் கொடுப்பான். அண்ணன் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒன்பது வருடமாக எரிகிற வயிறு இது. இன்னும் சாம்பலாகாமல் இருப்பதே பெரிய விஷயம்.

அண்ணன் யார் கையையும் ஒடிக்கவில்லை. ட்ராம் பணிமனையில் சட்டம் ஓட்டிக்கொண்டிருந்தார். புது மாதிரி ட்ராம் ஒரு பாதையில் ஓடுவதற்கு முன்னால், அதன் உடம்பைவிட ஒரு விரல் பெரிதாக மரச்சட்டம் அடித்து, இரண்டு ஓரத்திலும் பெயிண்டில் ஊறிய பிரஷ்களைக் கட்டி, பாதை முழுக்க மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். எது இடிக்கப் போகிறதோ அதில் கோடு விழும். கோடு விழுந்தது விளக்குக் கம்பமாக இருந்தாலும் சரி, மந்திரி வீட்டு வாசற்படியாக இருந்தாலும் சரி, போயாக வேண்டும். ‘குறி விழுந்ததை அகற்றுக’ என்று பணிமனைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறது. சட்டம் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் உண்டு. ஒருவர் நிறத்தை இன்னொருவர் தொடக் கூடாது. அண்ணனுடையது நீலம். என்னுடையது சிவப்பு.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அகலமான ட்ராம்கள் வந்தன. அண்ணன் சட்டம் ஓட்டினார். சந்தை வளைவில் ஒரு வீட்டுச் சுவரில் நீலக் கோடு விழுந்தது. அது எங்கள் பாதை என்ஜினியரின் வீடு. தெருவுக்குள் ஒரு சாண் நீட்டிக் கட்டியிருந்தார். எதற்கெடுத்தாலும் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து நூலில் தொங்கவிட்டு, “நேரா இருக்கணும்யா, எல்லாம் நேரா இருக்கணும்” என்பார். அதனால் பணிமனை முழுக்க அவருக்குத் தூக்குக்குண்டு என்றே பெயர். அவர், இவர் என்று நான் மரியாதையாகச் சொல்வது இதோடு முடிந்தது.

அண்ணன் அறிக்கை எழுதி அவன் கையில்தான் கொடுத்தார். அறிக்கை காணாமல் போனது. சுவரும் பளிச்சென்று வெள்ளையானது. பத்தாம் நாள், அந்த வளைவில் ஜன்னலோரம் முழங்கையை வைத்திருந்த ஒரு தையல்காரம்மாவின் வலது கை ட்ராமுக்கும் சுவருக்கும் நடுவே சிக்கி நொறுங்கியது. விசாரணையில் எல்லாரும் சுவரைப் போய்ப் பார்த்தார்கள். கோடும் இல்லை, ஒன்றும் இல்லை. “இவன் சட்டமே ஓட்டல. ஓட்டினதா கதை விடறான்” என்றான் தூக்குக்குண்டு. அண்ணன் வேலை போயிற்று. அகல ட்ராம்களை வேறு பாதைக்கு மாற்றினார்கள். அந்தச் சுவர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

தையல்காரம்மா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். அண்ணனைக் கண்டால் காறித் துப்புவார். அண்ணன் எதிர்ப் பக்கம் போய்விடுவார்.

நான் அதே பணிமனையில் போய்ச் சேர்ந்தேன். கூட்டினேன், கழுவினேன், எண்ணெய் போட்டேன். ஆறாம் வருடம் சட்டத்தை என் கையில் கொடுத்தார்கள். “அண்ணன் மாதிரி ஓட்டாமலே ஓட்டிட்டேன்னு சொல்லிடாதே” என்று ஒருவன் சிரித்தான். அவன் மதியச் சாப்பாட்டு டப்பா அன்றைக்கு ட்ராம் சக்கரத்துக்கு அடியில் போனது. எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது.

அந்தச் சந்தைப் பாதைக்குப் புது ட்ராம் வரட்டும் என்று காத்திருந்தேன். இந்த வருடம் வந்தது. காலை நேரத்தில் படிக்கட்டில் தொங்குகிற கூட்டத்தைப் பார்த்து, பழைய ட்ராம்களையே நீட்டுவது என்று முடிவு செய்தார்கள். முதல் ட்ராமைப் பணிமனையில் நட்ட நடுவில் அறுத்தார்கள். இறுக்கமாகிப்போன சட்டையை வெட்டி நடுவே துணி வைத்துத் தைப்போமே, அதே வேலைதான். நடுவில் வைக்கிற புதுப் பெட்டிக்குச் சக்கரம் கிடையாது. முன்னாலும் பின்னாலும் உள்ள பெட்டிகளைப் பிடித்துக்கொண்டு தொங்கும். நேர்ப் பாதையில் ஒழுங்காக வரும். வளைவு வந்தால் வயிற்றை உள்பக்கம் தள்ளும். எழுபது பேர் கூடுதலாக ஏறலாம் என்று செய்தித்தாளில் தூக்குக்குண்டின் படம் போட்டார்கள். திட்டத்துக்கே அவன்தான் தலைவன். திங்கட்கிழமை தொடக்க விழா, ஞாயிற்றுக்கிழமை என் சட்டம்.

வெள்ளிக்கிழமை மதியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

“ஏம்மா, உங்க அண்ணன் சும்மாதானே இருக்காரு? கேட்ல ஒரு ஆள் வேணும். திங்கக்கிழமையே வரச் சொல்லு.”

“எதுக்கு சார் திடீர்னு?”

“ஒரு கருணைதான். அப்புறம், சந்தை வளைவுல மட்டும் அந்த இடது பிரஷ்ஷைக் கொஞ்சம் மடக்கி வெச்சுக்கோ. விழா நேரத்துல வீண் வம்பு எதுக்கு?”

கருணையாம்! ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அண்ணி கையிலிருந்த கரண்டியை நங்கென்று வைத்தாள். “போட்டுப் பார்க்கட்டும் அந்தப் பிச்சையை, நானே போய் அவன் மூஞ்சில விட்டெறியறேன்.”

அண்ணன் உள்ளே போய், அன்றைக்கு அந்தச் சுவரை அளந்து எழுதிய தன் பழைய குறிப்பேட்டை எடுத்து வந்தார். புதுப் பெட்டியின் அளவையெல்லாம் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதிக் கணக்குப் போட்டார். கடைசியில் பென்சிலைக் காதில் செருகினார்.

“பாப்பா, உன் பிரஷ் அந்தச் சுவரைத் தொடாது. அரை விரல் இடம் இருக்கு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒன்பது வருடம் காத்திருந்தது இதற்குத்தானா? “தொட வைக்கிறேன். பிரஷ் கட்டுற கம்பியை ஒரு விரல் வெளிய வளைச்சா யாருக்குத் தெரியும்?”

“எனக்குத் தெரியும்” என்றார் அண்ணன். “பொய்க் கோடு போட்டா அப்புறம் அவனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? செய்யாதே.”

“தொடாதுன்னா அவன் எதுக்குப் பயப்படறான்?”

“குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். விடு. அந்தக் கேட் வேலை எனக்கு வேண்டாம்னு சொல்லிடு. உள்ளே போறவன் வர்றவன் எல்லாம் கையொடிச்சான் கதவு திறக்கறான்னு சொல்வான்.” குறிப்பேட்டை மூடியபடி, “பிரஷ்ஷை நல்லா ஊற வை. காஞ்ச பிரஷ் பொய் சொல்லும்” என்றார்.

“நீங்களும் வாங்கண்ணே.”

அவர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீட்டிய ட்ராமின் அடித்தளத்தை மட்டும், பெட்டி கட்டாமல், தண்டவாளத்தில் ஏற்றினோம். நட்ட நடுவில் என் சட்டம். கம்பியை நான் வளைக்கவில்லை. இடது பிரஷ்ஷை மடக்கவும் இல்லை. புதிதாக வந்திருந்த மேலாளரம்மா குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். பணிமனைக் கொத்தனார் உளியும் சுத்தியலுமாக வந்தார். தூக்குக்குண்டு வெள்ளைச் சட்டையில் முன்னால் நடந்தான். தெருவெல்லாம் வேடிக்கை பார்க்கிற கூட்டம். சந்தை வளைவின் முனையில், குறிப்பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணன் நின்றிருந்தார். ஒன்பது வருடமாக அவர் அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை.

அடித்தளம் வளைவில் திரும்பியது. சட்டம் உள்பக்கம் நகர்ந்தது. இடது பிரஷ் சுவரை நெருங்கியது. நான், தொடாது, தொடாது, அண்ணன் கணக்கு தப்பாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன்.

சர்ரென்று சத்தம். வெள்ளைச் சுவரில் ஒரு கை நீளத்துக்குச் சிவப்புக் கோடு.

அண்ணன் வாய் பிளந்து நின்றார். அவர் கணக்கு அதுவரை தப்பியதே இல்லை. தூக்குக்குண்டின் நெற்றியில் வேர்வை. மேலாளரம்மா கிட்டே வந்து, “எவ்வளவு எடுக்கணும்?” என்று கேட்டார்.

பிரஷ் மடங்கியதை அளந்தேன். “அரை விரல், மேடம்.”

கொத்தனார் சுத்தியலின் பின்பக்கத்தால் சுவரைத் தட்டிப் பார்த்தார். “இது சுவர் இல்லீங்க. அப்புறமாப் பூசின மேல்பூச்சு. ஒரு விரல் கனம் இருக்கு. இதைக் கொத்தி எடுத்தாப் போதும், வண்டி தாராளமாப் போயிடும்.”

“நல்லதாப் போச்சு சார், உங்க சுவர் பிழைச்சுது” என்றார் மேலாளரம்மா.

எந்த மனிதனும் சந்தோஷப்பட வேண்டிய இடம் இது. தூக்குக்குண்டு, “வேண்டாம் மேடம்” என்றான். “பூச்சை எல்லாம் கொத்த வேண்டாம். சுவரையே இடிச்சுத் தள்ளிடலாம். மெஷினைக் கூப்பிடுங்க. இப்பவே.”

ஒரு சாண் நிலத்துக்காகத் தெருவையே விழுங்கினவன், தன் சுவரை இடிக்கச் சொல்லிக் கெஞ்சுகிறான்! மேலே பால்கனியில் நின்ற அவன் மனைவி, “என்னங்க, பித்துப் பிடிச்சிடுச்சா? சுவரு போனா நான் நிக்கிற பால்கனி என்ன ஆகறது?” என்று அலறினாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளையடித்து மட்டும் மறைக்கவில்லை. நீலம் வெள்ளையைத் தாண்டித் தெரிந்திருக்கும். அதன் மேல் சிமெண்டைப் பூசியிருக்கிறான், படுபாவி. அண்ணன் கணக்கு சரிதான். அவர் அளந்த சுவரை என் பிரஷ் தொடவே இல்லை. மறைக்கப் பூசிய பூச்சைத்தான் தொட்டது.

“விதிப்படி குறி விழுந்ததை மட்டும்தானே சார் அகற்றணும்?” என்றேன். என் குரல் அவ்வளவு இனிமையாக வரும் என்று எனக்கே தெரியாது. “குறி விழுந்தது பூச்சுல. பூச்சை எடுங்க கொத்தனாரே. மெதுவா, பாத்து.”

நாலு தட்டு. பூச்சு ஒரு பலகை அளவுக்குப் பெயர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே நீலக் கோடு, நேற்றுப் போட்டதுபோல.

கொத்தனார் உளியைக் கீழே போட்டுவிட்டார். “ஐயோ, இது அவரோட நீலம்!”

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து தரையிலிருந்து அளந்தார். பிறகு குறிப்பேட்டைப் பிரித்து மேலாளரம்மாவிடம் நீட்டினார். மூன்றடி எட்டங்குலம். தேதியோடு எழுதியிருந்தது.

“இந்தப் பூச்சு எப்ப பூசினது?” என்று மேலாளரம்மா கேட்டார். தூக்குக்குண்டு வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து அவன் மனைவிதான் பதில் சொன்னாள்: “அதுவா? அந்த ஆக்சிடெண்ட்டுக்கு முந்தின வாரம். ஒத்தைச் சுவருக்கு மட்டும் எதுக்குங்க பூச்சுன்னு நான் அப்பவே கேட்டேன்.”

முந்தின வாரம். அப்படியானால் அந்த ஒரு விரல் கனம்தான் அந்தக் கையைப் பிடித்து நசுக்கியிருக்கிறது. நான் அவன் சட்டையைப் பிடிக்கப் பாய்ந்தேன். யாரோ என் தோளைத் தொட்டார்கள்.

தையல்காரம்மா. எப்போது வந்தாரோ, கூட்டத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“தள்ளிக்கோம்மா” என்றார். “முதல்ல என் முறை.”

அவர் நேராக அண்ணனிடம்தான் போனார். “உங்க பேரு என்னங்க? எனக்குக் கையொடிச்சான்னு மட்டும்தான் தெரியும்.”

அண்ணன் தன் பெயரைச் சொன்னார். பாதியில் குரல் உடைந்தது. முழுசாகத் திரும்பச் சொன்னார். தையல்காரம்மா அதை ஒரு தடவை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

பிறகு என் பெயிண்ட் டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். நீட்ட முடியாத, கோணிப்போன வலது கையை மணிக்கட்டு வரை சிவப்பில் முக்கினார். தூக்குக்குண்டின் வெள்ளைச் சட்டையில், நெஞ்சுக்கு நேராக, அந்தக் கையை அழுத்தி வைத்தார்.

“இதை நீ எதைப் பூசி மறைக்கிறேன்னு பாக்கறேன்” என்றார்.

அவன் அசையவில்லை. ஒருவரும் தடுக்கவும் இல்லை.

மத்தியானம் அறிக்கை எழுதினேன். குறி விழுந்த இடங்கள் என்ற கட்டத்தில் இரண்டு வரி. ஒன்று: சந்தை வளைவு, சுவரின் மேல்பூச்சு, அரை விரல். இரண்டு: சந்தை வளைவு, திட்டத் தலைமை என்ஜினியர், தரையிலிருந்து நாலடி நாலங்குலம், சிவப்பு.

மேலாளரம்மா படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். பிறகு பேனாவைத் திறந்து, ‘இரண்டையும் விதிப்படி அகற்றுக’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.