ஏப்ரல் முப்பது வரை ஆசிரியர்

“இது ஒரே ஒரு தடவை நடக்கிற நிகழ்ச்சியா, இல்ல வாராவாரமா?” பெர்னிஸ் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“எங்கப்பா ஒரு தடவதான் செத்தாரு, பெர்னிஸ்,” என்றாள் கிளெனா.

பெர்னிஸின் காது சிவந்தது. கெட்டவள் இல்லை, கிளெனாவோடு ஒரே பள்ளிப் பேருந்தில் போய்வந்தவள்தான். கல்லூரியின் வாரப் பக்கத்தை வியாழக்கிழமைதோறும் தயார் செய்வது அவள் வேலை.

“நான் கேக்கலடி, இந்தப் படிவம் கேக்குது. அந்தக் கட்டத்த நிரப்பலன்னா மேல போகவே விடாது.”

“படிவத்த விடு. ஆசிரியர் செய்திகள்ல போடுன்னுதானே கேக்கறேன். மூணே வரி.”

“ஒப்பந்த ஆசிரியருங்களோட புத்தகம், பரிசு எதையும் அதுல போட மாட்டோம். ஆனா பணியில இருக்கும்போது இறந்தா, யாரா இருந்தாலும் போட்டே ஆகணும். உங்கப்பா ஒப்பந்தம் ஏப்ரல் முப்பதோட முடிஞ்சிருச்சு. அவரு தவறினது மே ரெண்டு.” குரலைத் தாழ்த்தினாள். “மார்க் குடுக்காம வச்சிருந்தாக்கூட போதும். மார்க் வந்து சேர்ற வரைக்கும் ஒப்பந்தம் தானா நீளும்.”

மார்க் பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தவளே கிளெனாதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு அறுபத்திரண்டு விடைத்தாள்களைத் திருத்தினார் அப்பா. “முப்பதாம் தேதி சாயங்காலத்துக்குள்ள குடுத்துடணும், பசங்க காத்திருப்பாங்க,” என்று அவளை விரட்டினார். கடைசித் தாளுக்கு அரை மார்க் கூட்டிப் போடலாமா என்று இரண்டு தடவை யோசித்தார். கிளெனா காரை வேகமாக ஓட்டி, அலுவலகம் மூட ஐந்து நிமிஷம் இருக்கும்போது கொடுத்துவிட்டு வந்தாள். அன்றைக்கு அது ஒரு நல்ல காரியமாகத் தோன்றியது.

அப்பா லோர்ன் மக்ஈகன் அந்தக் கல்லூரியில் இருபத்தேழு வருஷம் நிலவியல் நடத்தினார். அத்தனையும் நாலு நாலு மாத ஒப்பந்தம். செப்டம்பரில் ஆசிரியர், கிறிஸ்துமஸுக்கு யாரோ. ஜனவரியில் மறுபடி ஆசிரியர், மே வந்தால் மறுபடி யாரோ. நிரந்தர வேலைக்கு மூன்று தடவை மனுப் போட்டார். மூன்று தடவையும் அவருடைய மாணவர்கள் வயதில் இருந்தவர்கள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ரொட்டியைக் கடித்தபடி வாரப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். யாரோ போர்ச்சுகல் போய்வந்த செய்தி, யாருக்கோ இடுப்பெலும்பு மாற்றிய செய்தி. இயற்பியல் பேராசிரியரின் நாய் கண்காட்சியில் மூன்றாம் பரிசு வாங்கியதும் ஒரு வாரம் வந்தது. “பாத்தியா எஃபி, நாயெல்லாம் ஆசிரியராயிடுச்சு,” என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார்.

அம்மாவுக்குச் சிரிப்பு வராது. துறைமுகப் பாறைகளைப் பற்றி அப்பா பதினைந்து வருஷம் எழுதிய புத்தகம் அச்சாகி வந்தபோது, அந்த வெள்ளிக்கிழமைக்காகக் கேக் செய்து வைத்துக் காத்திருந்தாள். வாரப் பக்கத்தில் அவர் பெயர் இல்லை. கேக்கை யாரும் தொடவில்லை. இரண்டு வருஷமாக அம்மாவுக்கு எழுத்துத் தெரிவதில்லை. பார்வையின் நடுவில் ஒரு கறுப்பு வட்டம் நிற்கிறதாம். இன்று காலை கிளெனா இங்கே கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “இப்பவாவது ஆசிரியர் செய்தியில போடுவாங்களா, கண்ணு?”

“சிற்றுண்டி உண்டா?” என்று பெர்னிஸ் அடுத்த கட்டத்துக்குப் போயிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பக்கம் வந்தது. இயற்பியல் துறையின் இறைச்சி விருந்துக்கும் சைக்கிள் பழுதுபார்க்கும் வகுப்புக்கும் நடுவில், ‘வரவிருக்கும் நிகழ்ச்சிகள்’ தலைப்புக்குக் கீழே இருந்தார் அப்பா. ‘லோர்ன் மக்ஈகன், இறுதிச் சடங்கு, பிற்பகல் இரண்டு மணி. சிற்றுண்டி உண்டு. அனைவரும் வரலாம்.’ ஒரு வாழ்க்கையை இப்படியா எழுதுவார்கள்!

அன்று பிற்பகல் சடங்கு முடிந்ததும் எல்லாரும் சர்ச்சின் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். அம்மா கறுப்பு உடையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் அவள் சிநேகிதி மேவிஸ். கல்லூரித் தலைவர் டாக்டர் விட்காம் நேராக அம்மாவிடம் வந்து குனிந்து அனுதாபம் சொன்னார். பக்கம் அச்சுக்குப் போகுமுன் அதில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

“பக்கம் வந்திருச்சா, கிளெனா? தலைவரும் இங்கதான் இருக்காரு, படியேன்,” என்றாள் அம்மா.

கிளெனா தாளைப் பிரித்தாள். விட்காமின் முகத்தைப் பார்த்தாள். பிறகு படித்தாள்.

“ஆசிரியர் செய்திகள்,” என்று தொடங்கினாள். தன் குரல் இவ்வளவு உறுதியாக வரும் என்று அவள் நினைக்கவில்லை. “நம் கல்லூரியில் இருபத்தேழு ஆண்டுகள் பணியாற்றிய பேராசிரியர் லோர்ன் மக்ஈகன் காலமானார். துறைமுகப் பாறைகளைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் என்றும் நிற்கும்.”

“பேராசிரியர்னா போட்டிருக்காங்க?”

“ஆமாம்மா.”

அம்மாவின் வாய் கோணியது. மூன்று நாளாக அழாதவள் இப்போது அழுதாள். தடவித் தேடி விட்காமின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “ரொம்ப நன்றி, டாக்டர். கடைசியிலயாவது செஞ்சீங்க.”

அவர் மறுப்பார் என்று கிளெனா எதிர்பார்த்தாள். குறைந்தபட்சம் தலையைக் குனிவார் என்று நினைத்தாள். விட்காம் தொண்டையைச் செருமினார்.

“அவருக்கு உரியதுதானேம்மா. இதுகூடச் செய்யலன்னா எப்படி? நான்தான் போடச் சொன்னேன்.”

அம்மாவுக்காகத்தான் அவள் பொய் சொன்னாள். அதை அந்த மனுஷன் நோகாமல் எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கிளெனாவுக்கு அந்த இடத்திலேயே அவரை அறைய வேண்டும்போல இருந்தது. அம்மாவின் ஈரமான முகத்தைப் பார்த்துத் தாளை மடித்தாள்.

“அதக் குடு இப்படி,” என்று அம்மா கையை நீட்டினாள். தாளை வாங்கி மடியில் வைத்து நீவினாள். பிறகு பக்கத்து நாற்காலியின் பக்கம் திரும்பினாள். “மேவிஸ், அந்தப் பேராசிரியர் வரிய இன்னொரு தடவ படிடி. இவ சின்ன வயசுலேர்ந்தே அவசர அவசரமாத்தான் படிப்பா.”

மேவிஸ் கைப்பையைத் திறந்து கண்ணாடியை எடுத்து, உடுப்பின் நுனியால் துடைக்கத் தொடங்கினாள். விட்காம் தன் கோட்டை எங்கே மாட்டினோம் என்று வாசற்பக்கம் பார்த்தார்.